உப்புக்காற்றில் முளை அடித்துப் பூட்டிய கேட்

தொண்டியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். பழைய கேட் டியூப் பைப்பில் செய்தது. வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளுக்குள் துரு தின்றுவிட்டது, முதலில் விட்டுப்போனது வெல்டிங் வைத்த இடங்கள். கீழக்கரையில் சொந்தக்காரர் வீட்டு ஜன்னலில் குறுக்குப் பட்டையைத் துளைத்து, கம்பி நுனியை மெலிதாக அடித்த முளையை அதில் நுழைத்து, வெளியே நீட்டுவதை நசுக்கிக் கொண்டை அடித்திருப்பார்கள், தாத்தா காலத்து வேலை, இன்றைக்கும் பிடித்து ஆட்டினால் அசையாது. அதே மாதிரி கேட் வேண்டும் என்று தேவிபட்டினம் பக்கம் ஒரு கொல்லுப் பட்டறையில் போய் நின்றேன்.

ஆசாரி முதலில் கேட்டது கம்பி கனம். முக்கால் இஞ்ச் சதுரக் கம்பி, அதாவது ஆறு நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). பட்டை மூன்று நூல், முளை நாலு நூல் உருண்டை. பட்டையைத் தாண்டிக் கொண்டைக்கு முளையின் கனத்தைப் போல ஒன்றரைப் பங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கு, ஆக மொத்தம் ஒன்பது நூல் முளை. இதற்குக் கம்பியில் மூன்று நூல் நீளத்தை அடித்து மெலிதாக இறக்கினாலே போதும் என்றார், எனக்கு நம்பிக்கை வரவில்லை, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது! ஆனால் அவ்வளவு துல்லியமாக யாரும் அடிப்பதில்லை, கொஞ்சம் கூடுதலாக விட்டு மிச்சத்தை உளியால் வெட்டிவிடுகிறார்கள்.

உலைக்குச் சீமைக்கருவேலங் கரி. நம் மாவட்டத்தில் அதற்கு என்ன பஞ்சம். சம்மட்டி போட்டது அவர் வீட்டம்மா, ஆசாரி சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டுகிற இடத்தில் அடி பிசகாமல் விழும். கம்பி மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் வெளியே எடுக்கிறார்கள், மங்கலான சிவப்புக்கு வந்துவிட்டால் உடனே திரும்ப உலைக்குள். சூடு இறங்கிய கம்பியை அடித்தால் முளை தொடங்குகிற படிக்கு அருகில் வெடிப்பு விடுமாம். முளையையும் எடுத்தவுடன் உருண்டையாக அடிப்பதில்லை. முதலில் சதுரம், அப்புறம் மூலைகளைத் தட்டி எட்டு மூலை, கடைசியில்தான் உருண்டை. சதுரமாக இறக்காமல் நேராக உருட்டி அடித்தால் நடுவில் பிளந்துகொள்ளும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் அடுத்தது. முளை கம்பியோடு சேருகிற இடத்தில் இருக்கும் படி, அடித்த கையோடு கோணல்மாணலாகத்தான் இருக்கும். முளைக்குச் சரியாகத் துளை போட்ட தடித்த இரும்புத் துண்டு ஒன்று வைத்திருக்கிறார், துளை முளையை விட ஆழம். பழுத்த முளையில் அதைச் செருகி மேலே நாலு அடி போட்டால் படி நாலு பக்கமும் தட்டையாகிவிடுகிறது. துளையின் வாயை மட்டும் லேசாக மழுக்கியிருந்தார். “ஏண்ணே, கூர்மையா இருந்தா இன்னும் நல்லா உக்காராதா?” என்று கேட்டேன். “உள் மூலை கத்தி மாதிரி இருந்தா அங்கதான் தம்பி விரிசல் பிடிக்கும். கொண்டை இழுத்துப் பிடிக்கும், ஆனா உக்கார்ற இடம் படிதான்” என்றார். அந்த மழுக்கலுக்கு இடம் விட்டுப் பட்டையில் துளையின் ஓரத்தையும் கொஞ்சம் சீவிவிடுகிறார்.

எல்லாக் கம்பியையும் பட்டையில் நுழைத்துக் கோணம் பார்த்த பிறகு, கேஸ் வைத்து முளை நுனியைப் பழுக்கவைத்துக் கொண்டை அடித்தார்கள். சூட்டோடு அடிப்பதில்தான் பலமே இருக்கிறது. ஆறும்போது முளை சுருங்கிப் பட்டையைப் படியோடு இறுக்கிவிடும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் ரிவெட்டுகளும் இப்படிச் சூடாக அடித்தவைதான்.

இதற்கும் துரு பிடிக்கும், பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிக்கும் பட்டைக்கும் நடுவே இடுக்கு இருந்தால் உப்புத் தண்ணீர் அங்கே போய்த் தங்கி, துரு உப்பி, பட்டையையே தள்ளும். அதனால் கொண்டை அடிப்பதற்கு முன்னால் பக்கத்தில் நின்று, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு படியையும் பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வயர் பிரஷ் போட்டு, முதல் கோட் ரெட் ஆக்சைடைக் கொஞ்சம் இளக்கலாகக் கலக்கி இணைப்புகளில் ஊறும்படி அடித்தோம். உப்பு இருக்கும்போதே பெயின்ட் அடித்தால் அடியிலேயே துரு கிளம்பிவிடும்.

வெல்டிங் கேட்டை விடச் செலவு கூட, நாளும் இழுக்கும். உள் அறை கிரில்லுக்கு இவ்வளவு தேவையில்லை, கடலைப் பார்த்த பக்கத்துக்குக் கண்டிப்பாகச் செய்யலாம். ஏர்வாடி, சாயல்குடி பக்கம் இப்படி முளை அடிக்கிற பட்டறையில் வேலை வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், குறிப்பாகப் பட்டையில் துளையை டிரில் போட்டார்களா, சூட்டில் குத்தித் திறந்தார்களா என்று தெரிந்தால் நல்லது.