காலாண்டு முடிவுகளும் ஆப்ஷன் பிரீமியமும்

கேள்வி: காலாண்டு முடிவுக்கு முந்தைய நாள், 1,500 ரூபாயில் இருந்த பங்கின் 1,500 கால் ஆப்ஷனை (பங்கை 1,500 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை), எக்ஸ்பைரிக்கு, அதாவது அது காலாவதியாகும் நாளுக்கு, பத்து நாள் இருக்கையில், 40 ரூபாய்க்கு வாங்கினேன். மறுநாள் பங்கு 15 ரூபாய் ஏறியும் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) 29 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. திசை சரியாக இருந்தும் நட்டம் ஏன்?

மறுமொழி 1: முடிவு எப்படி இருக்குமோ என்ற நிச்சயமின்மைக்கும் சேர்த்தே விற்பவர் விலை வைக்கிறார் ஐயா. நீங்கள் கொடுத்த 40 ரூபாய் முழுவதும் டைம் வேல்யூ, அதாவது மீதமுள்ள காலத்துக்கும் நிச்சயமின்மைக்குமான விலை. அறிவிப்பு வந்ததும் ஐ.வி. (சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு) சரிந்ததால் அது 14 ரூபாயாகச் சுருங்கி, பங்கு ஏறியதால் கிடைத்த 15 ரூபாய் மட்டும் அதனுடன் சேர்ந்தது. ஒரு நாள் கழிந்ததால் குறைந்தது இதில் சிறு பகுதிதான். கால், புட் (பங்கை விற்கும் உரிமை) இரண்டையும் வாங்கினாலும், செலுத்திய மொத்தப் பிரீமியத்தைத் தாண்டிப் பங்கு நகர்ந்தால்தான் எக்ஸ்பைரியில் லாபம்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் ஆப்ஷனை விற்பது மேலல்லவா?

மறுமொழி 2: விற்பவரின் ஆபத்து வேறு வகையானது. இன்ஃபோசிஸ் 2023 ஏப்ரல் 13 அன்று சந்தை முடிந்தபின் முடிவுகளை அறிவித்தது; 14 விடுமுறை, அடுத்து வார இறுதி; 17ஆம் தேதி பங்கு ஏறத்தாழ 9 சதவீதம் வீழ்ந்தது. புட் விற்றிருந்தவர்களுக்கு இடையில் வெளியேற வழியே இல்லை, ஸ்டாப் லாஸும் (குறித்த விலை வந்தால் தானாக வெளியேறும் ஆர்டர்) உதவியிருக்காது. விற்றே தீர வேண்டுமென்றால், பங்கின் இன்னும் கீழான விலைக்கு இன்னொரு புட் வாங்கி நட்டத்துக்கு எல்லை கட்டுங்கள்.

மறுமொழி 3: எக்ஸ்பைரி வாரத்தில் முடிவு வந்தால் கூடுதல் கவனம் தேவை. என்.எஸ்.இ.யில் (தேசியப் பங்குச் சந்தையில்) பங்கு ஆப்ஷன்கள் பணமாக அல்லாமல் பங்காகவே தீர்க்கப்படுவதால், முழு லாட்டுக்கும் (ஒப்பந்தத்தில் உள்ள மொத்தப் பங்குகளுக்கும்) பணம் கட்ட நேரிடலாம்.