899 ரூவாய்க்கு பாய் வித்தா கையில என்ன நிக்கும்? கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோரைக்காரி (பத்தமடை)

முந்தாநேத்து டெல்லியிலேருந்து ஒரு பாய் திரும்பி வந்துச்சு. காரணம்னு போட்டிருந்த இடத்துல "புல் வாசனை அடிக்கிறது". கோரை புல்லுதானே, பின்ன ரோசாப்பூ வாசனையா அடிக்கும்? அத எடுத்து வெயில்ல விரிச்சுப் போட்டுட்டு, அன்னைக்குத்தான் முதல்தடவையா உக்காந்து முழுக் கணக்கு போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம்.

எங்க வீட்டுல உம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் தறி போடுதாவ. நான் பி.காம். முடிச்சிட்டு ஒன்றரை வருசமா ஆன்லைன்ல பாய் விக்கேன். நாலுக்கு ஆறு அடி, சாயக் கோரை, ஓரத்துல பூ போட்டது. விலை 899. கணக்கு இதுதான்:

கோரை, நூல், சாயம் எல்லாம் சேத்து 210. நெசவுக் கூலி 250. அட்டை, பபுள் ஷீட், டேப்பு 38. ஆக 498 நம்ம கைக்காசு.

ஆன்லைன் கடைக்காரங்க பிடிக்கது: கமிஷன் 12 சதவீதம், 108 ரூவா. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 40. ஷிப்பிங் 172. மொத்தம் 320. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 57 ரூவா 60 காசு. டிசிஎஸ்ன்னு விற்பனையிலேருந்து பிடிக்குத ஒரு வரி, நாலு ரூவா சில்லறை. பேங்குக்கு வந்தது 517. கைக்காசைக் கழிச்சா 19 ரூவா.

இதோட நிக்கல. பாய்க்கு உண்டான 5 சதவீத ஜிஎஸ்டி, 42 ரூவா 81 காசு, மாசா மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல கட்டுதேன். அதையும் கழிச்சா ஒரு பாய்க்கு 24 ரூவா கைநஷ்டம்! ஏழு பாய் போனா ஒண்ணு திரும்பி வருது. திரும்பி வரதுக்குப் போக வரச் செலவு சுமார் 200, அதுவும் நம்ம தலையிலதான். ஒரு பாய் நிக்காஹ் நடந்த வீட்டுலேருந்து வந்துச்சு, சந்தனக் கறையோட. நாலு பேரு படுத்து எந்திரிச்சிருக்காவ. "கலர் பிடிக்கல"ன்னு எழுதியிருந்துச்சு. போட்டோ எடுத்துப் புகார் போட்டேன், ஒண்ணும் நடக்கல.

விலைய ஏத்துன்னு சொல்லுவீங்க. 999 வச்சுப் பாத்தேன், ஆர்டர் பாதியாப் போச்சு. பக்கத்துலயே பிளாஸ்டிக் பாய 349-க்குப் போட்டு, தலைப்புல "பத்தமடை பாய்"னு எழுதியிருக்கான். புவிசார் குறியீடு வாங்குன பேரு, இப்படித் தெருவுல கெடக்கு. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு நம்ம ஊருலேருந்து பாய் போச்சுன்னு சொல்லாத ஆளே ஊர்ல கெடையாது. அந்தப் பாய்க்கு ஷிப்பிங் யாரு குடுத்தாவளோ.

நெசமாவே சின்ன ஆளுக்கு இதுல லாபம் நிக்குமா, இல்ல எனக்குத்தான் கணக்குத் தெரியலையா?

---

உடன்குடி கருப்பட்டி

தங்கச்சி, 86-ல மாவட்டத்தப் பிரிச்சு எங்கள தூத்துக்குடில சேத்தாலும் நான் திருநெல்வேலிக்காரன்தான், அதனால உரிமையாச் சொல்லுதேன். நீ விக்கது பாய். பாய்ங்கது பாதி காத்து. என் கருப்பட்டி ஒரு கிலோன்னா ஒரு கிலோதான், கையடக்கம். அப்படியிருந்தும் ஒரு கிலோ பாக்கெட்ட ஆன்லைன்ல போட்டு நான் சம்பாதிச்சதா நெனவே இல்ல. அதே ஆர்டர் கட்டணம், அதே கமிஷன், அதே அட்டைப்பெட்டி. மூணு கிலோவாக் கட்டித்தான் விக்கேன், அப்பத்தான் ஏதோ நிக்குது.

சரக்குல உள்ள தொல்லை வேற. ஐப்பசி கார்த்திகையில கருப்பட்டி வேர்த்துக் கொழகொழன்னு ஆயிரும். அத வாங்குனவன் போட்டோ எடுத்து "கெட்டுப்போன பொருள்"னு ஒத்த நட்சத்திரம் குடுப்பான். அது கெட்டுப்போகல சாமி, அது நல்ல கருப்பட்டியோட குணம்னு எவன்கிட்ட போய்ச் சொல்ல? சீனி கலந்து காச்சுனது பாறை மாதிரி நிக்கும், விலையும் எங்களவிடக் கம்மி, அவனுக்கு அஞ்சு நட்சத்திரம்.

நான் இப்ப என்ன செய்யேன்னா, ஆன்லைன் கடைய போர்டு மாதிரி வச்சிருக்கேன். அதுல ஒரு தடவ வாங்குனவங்க எங்க கடையத் தேடி அவங்களாப் பிடிச்சு வருவாங்க. மெட்ராஸுக்குன்னா ராத்திரி ஆம்னி பஸ்ல போட்டு விட்டுருதேன். பம்பாய் தாராவியில நம்ம ஊரு ஆளுக எவ்வளவு பேரு இருக்காவ, அவங்களுக்கு பார்சல் சர்வீஸ்ல மொத்தமா ஒரே மூட்டை, அங்கன ஒருத்தர் பிரிச்சுக் குடுத்துருவாரு. இதுல டெல்லிக்காரன் வாசனை பாக்குத வேலையே கெடையாது.

---

பாளை கணக்கு

ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறது என் தொழில், அதனால இதைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

முதலில் அந்த 42.81. அதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதே இல்லையே! தளம் உங்களிடம் பிடித்த கட்டணத்துக்கு 57.60 ஜிஎஸ்டி போட்டிருக்கிறது. அது உங்களுக்கு உள்ளீட்டு வரவு, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகை. அந்த வரவைக் காட்டும் 2பி அறிக்கையை ஜிஎஸ்டி போர்ட்டலில் திறந்தால் மாதா மாதம் அங்கே கிடக்கும். 42.81-ஐ அதில் கழித்துக்கொண்டால் மீதி 14.79 அடுத்த மாதத்துக்குப் போகும். நூல், அட்டை வாங்கிய பில் இருந்தால் அதுவும் சேரும். டிசிஎஸ் என்று 0.5 சதவீதம் பிடிக்கிறார்களே, அதுவும் செலவு இல்லை. 2024 ஜூலை 9 வரை 1 சதவீதமாக இருந்தது, பாதியாகக் குறைத்துவிட்டார்கள். போர்ட்டலில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கக் கணக்கில் வந்து நிற்கும். உங்களுக்கு ரிட்டர்ன் போடுகிறவர் இரண்டையும் தொடவே இல்லை என்று தெரிகிறது. போன நிதியாண்டில் விட்டுப்போன உள்ளீட்டு வரவை நவம்பர் 30 வரைக்கும் எடுக்கலாம். நாளைக்கே போய் 2பியைக் கேளுங்கள். குரலை உயர்த்தியே கேளுங்கள்.

வருமான வரிக்காகத் தளம் பிடிக்கும் டிடிஎஸ் உங்களுக்குப் பிடிக்கப்படவில்லை, சரிதான். தனி ஆள், பான் கொடுத்திருந்து, வருச விற்பனை 5 லட்சத்துக்கு உள்ளே இருந்தால் பிடிக்கக்கூடாது.

2023 அக்டோபர் 1-லிருந்து ஜிஎஸ்டி எண் இல்லாமலே ஆன்லைனில் விற்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான், விற்பனை வரம்புக்குள் இருந்தால் பதிவு எண் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். அந்த 57.60 வரவும் போய்விடும். அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் பாய் எடை எவ்வளவு, சுருட்டினால் என்ன அளவு?

---

கோரைக்காரி

அண்ணாச்சி, 2பின்னு ஒண்ணு இருக்கதே எனக்குத் தெரியாது. பி.காம். படிச்சேன்னு மேல எழுதுனத அழிக்க முடியுமா?

எடை 1 கிலோ 100 கிராம். சுருட்டி அட்டை சுத்துனா நீளம் 122 செ.மீ., குறுக்க 12.

---

பாளை கணக்கு

நினைத்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 122 × 12 × 12 போட்டால் 3.51 கிலோ. நிஜ எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கூலி. அரை கிலோ அரை கிலோவாக ஏறும் பட்டியலில் 3.51 என்பது 4 கிலோ. 1.1 கிலோ பாய்க்கு 4 கிலோ கூலி கட்டுகிறீர்கள்.

இறுக்கிச் சுருட்டி 11 செ.மீ.க்குக் கொண்டு வாருங்கள். 122 × 11 × 11 என்றால் 2.95. அதாவது 3 கிலோ. ஒரே ஒரு சென்டிமீட்டர்! உடன்குடி அண்ணன் "பாதி காத்து" என்று சொன்னது விளையாட்டு இல்லை, முக்கால்வாசி காத்து.

---

அம்பை சொப்பு

நான் மரச் சொப்பு விக்கிறேன், அம்பாசமுத்திரம். எனக்கு அளவு பிரச்சினை இல்ல, விளம்பரம்தான் கொல்லுது. விளம்பரம் போடலன்னா என் சொப்பு எட்டாவது பக்கத்துல கெடக்கும், போட்டா ஒரு செட் விக்க 60, 70 ரூவா போயிருது. அத யாருமே கணக்குல எழுத மாட்டேங்கிறோம்.

கமிஷன் இல்லாத இடமும் இருக்கு. மீஷோவுல 2021-லேருந்தே கமிஷன் கெடையாது. அமேசான்ல 2025 ஏப்ரல்ல 300 ரூவாய்க்குக் கீழ உள்ள பல பொருளுக்கு எடுத்தாங்க. நான் சின்ன செட்டை 290-க்கு மாத்துனேன். கமிஷன் போச்சு, மத்த கட்டணமெல்லாம் இருக்கத்தான் செய்யுது. 290-ல அதுகளக் கழிச்சுட்டுப் பாத்தா, கடைசல்காரருக்கு கூலி குடுத்துட்டு எனக்கு டீக்காசு.

கோரைக்காரி, பாய மடிச்சு அனுப்ப முடியாதா? பட்டுப்பாய மடிச்சுப் பைக்குள்ள வைக்கலாம்னு எங்க ஆச்சி சொல்லும்.

---

கோரைக்காரி

பட்டுப்பாய்ன்னா மடியும். கோரைய ஊறப்போட்டு, நுணுக்கமாக் கிழிச்சு நெய்வாவ, துணி மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு வாரக்கணக்குல ஆவும், விலை ஆயிரக்கணக்குல போவும். அத ஆன்லைன்ல திருப்பி அனுப்புற ஆளுகிட்ட குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. சாதாப் பாயில கோரை குறுக்கால ஓடுது, மடிச்சா அந்த எடத்துலயே முறிஞ்சுரும். சுருட்டத்தான் முடியும்.

---

கோரைக்காரி (மூணு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

ஆடிட்டர் ஆபீஸ்ல போய் 2பி கேட்டேன். "அதெல்லாம் சின்னத் தொகைம்மா"ன்னாரு. உங்களுக்குச் சின்னத் தொகை சார், எங்களுக்கு அரை நாள் கூலின்னு சொன்னேன். இப்ப ஆளை மாத்தியாச்சு.

11 செ.மீ.க்கு சுருட்டுறதுக்கு ரெண்டு ஆளு வேணும். தம்பி ஒரு முனையில முட்டியப் போட்டு அமுக்க, நான் கயிறு கட்டுதேன். ஷிப்பிங் 172-லேருந்து 138 ஆச்சு. ஜிஎஸ்டியும் சரிபண்ணுனதுல ஒரு பாய்க்கு 63 ரூவா நிக்குது. ஏழுல ஒண்ணு திரும்பி வரதையும் சேத்துக் கணக்கு போட்டேன். போய்ச் சேந்த ஆறு பாய்க்கு 378, திரும்புனதுக்கு 200 போச்சுன்னா மிச்சம் 178. பாய்க்கு 30 ரூவா. நஷ்டம் இல்ல, ஆனா இதுக்காவா ஒன்றரை வருசம்?

அப்பத்தான் தறிக்குப் பக்கத்துல கெடந்த குட்டைக் கோரையப் பாத்தேன். நீளம் பத்தாதுன்னு ஒதுக்கிப் போடுவோமே, அது. அதுல தட்டுக்கு அடியில போடுத மாதிரி சின்னப் பாய் ஆறு ஆறா நெய்யச் சொன்னேன். அடுக்கினா 45 × 33 × 3. பாளை அண்ணாச்சி கணக்குப்படி 0.89, ஒரு கிலோவுக்குள்ள அடங்கிருச்சு. ஷிப்பிங் 72. விலை 749. கோரைச் செலவு கம்மி, நெசவுக் கூலி செட்டுக்கு 180 குடுத்தேன். எல்லாம் போக ஒரு செட்டுக்கு 218 கையில நிக்குது. மூணு வாரத்துல 11 செட் போயிருக்கு, ஒண்ணு திரும்பி வந்துச்சு. 11-ங்கது பெரிய எண்ணிக்கை இல்ல, தெரியும். விளம்பரம் இன்னும் போடல, அம்பை அண்ணன் சொன்னதக் கேட்டதுலேருந்து கை நடுங்குது.

பெரிய பாய ஆன்லைன்லேருந்து எடுக்கல. ஆனா 1,049 ஆக்கிட்டேன். வாங்குதவன் வாங்கட்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரு நெய்ஞ்சு கேக்கவங்கள வாட்ஸ்அப்ல மட்டும், பாதிப் பணம் முன்கூட்டி. பேரு போட்ட பாய எவனும் திருப்பி அனுப்ப முடியாதுல்லா.

இப்ப ஒரே ஒரு சிக்கல், உம்மா. நாப்பது வருசமா ஆளு படுக்கிற பாய் நெய்ஞ்சவ. "ஏ புள்ளே, சோத்துத் தட்டு வைக்கவா பாய்? அதுல ரசத்தக் கொட்டி வைப்பானுவளே"ன்னு சொல்லிட்டு, ஓரத்துல பூ வைக்க மாட்டேன்னுட்டா. மாமிதான் வைக்காவ.

---

உடன்குடி கருப்பட்டி

உம்மாவுக்கு ரெண்டு கிலோ கருப்பட்டி அனுப்புதேன், முகவரியத் தனியா அனுப்பு. பஸ்லதான் வரும், சேரன்மாதேவியில எறக்கச் சொல்லுதேன். எனக்கு ஒரு செட் எடுத்து வை. பூ போட்டது.