சாயங்காலம் ஆனால் கேமில் கால் வேலை செய்யவில்லை, உதவி செய்யுங்கள்

சுங்குடி:
வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் உடம்பை அசைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா வெளியே நடக்கப் போக மாட்டேன் என்கிறார். அதனால் டிவி முன்னால் நின்று விளையாடுகிற கேம் வாங்கினோம். காலையில் அருமையாக வேலை செய்கிறது. சாயங்காலம் மட்டும் திரையில் உள்ள உருவத்துக்கு இரண்டு காலும் ஒட்டிக்கொள்கிறது, சில சமயம் உருவமே துடிக்கிறது. அம்மா நின்ற இடத்தில் ஓடுகிறார், அது அசையாமல் நிற்கிறது. வெறுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்யலாம்? கொஞ்சம் சீக்கிரம்.

அவனியாபுரம் பாலா:
எந்தக் கருவி என்று சொல்லவில்லையே அக்கா. ஸ்விட்சா, எக்ஸ்பாக்ஸா, பிளேஸ்டேஷனா? கையில் ஏதாவது பிடித்துக்கொண்டு ஆடுகிறாரா, வெறுங்கையா?

வளைய ராணி:
ஸ்விட்சில் வளையத்தைப் பிடித்து ஆடும் ரிங் ஃபிட் மாதிரிதான் தெரிகிறது. ஸ்விட்சின் கைக்கருவியான ஜாய்கானில் இடதுபக்கத்ததைத் தொடைப் பட்டையில் செருகுவோம் இல்லையா, அந்தப் பட்டை வியர்வையில் வழுக்கிக் கீழே இறங்கினால் ஓட்டம் பதிவாகாது. காலையில் வெக்கை குறைவு, சாயங்காலம் வியர்த்து ஊற்றுகிறது, கணக்கு சரியாக வருகிறது. பட்டையைத் தொடையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

மின்னல் முத்து:
வோல்டேஜ். சாயங்காலம் தெருவில் எல்லார் வீட்டு ஏசியும் ஓடும், வோல்டேஜ் இறங்கும். அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்றால் அடாப்டரைப் பாருங்கள், அது 110 வோல்ட் வகை, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஸ்விட்ச் அடாப்டர் அப்படி இல்லை, 100 முதல் 240 வரை தாங்கும். அடாப்டர் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

பழங்காநத்தம் மூத்தவர்:
கருவியின் பெயர், மாடல், அறையின் அளவு. இந்த மூன்றும் இல்லாமல் உதவி கேட்காதீர்கள் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் குறைவு. முதலில் அதைச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

தெப்பக்குளம் நடையர்:
தங்கச்சி, வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அழைத்து வாருங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். விடியற்காலையில் எத்தனை அம்மாமார் நடக்கிறார்கள் தெரியுமா? பேச்சுத்துணையும் கிடைக்கும். மெஷின் எதற்கு?

சுங்குடி:
எக்ஸ்பாக்ஸ் 360, அதோடு ஆளின் அசைவைப் பார்க்கும் கினெக்ட் கருவி. இங்கேயே ஒரு கடையில் பழசாக வாங்கியது. கையில் ஒன்றும் இல்லை. ஹாலில் ஷோகேஸில் டிவி, அதற்குக் கீழே கினெக்ட்.

அவனியாபுரம் பாலா:
சரி, இப்போது பேசலாம். ஹாலில் மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா?

கினெக்ட் உங்களைச் சாதாரண கேமரா பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் வீசி, அவை விழுந்திருக்கும் இடத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. வெயிலிலும் அதே அகச்சிவப்பு ஏராளம். பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளிறுவது போல, வெயில் பட்ட இடத்தில் அந்தப் புள்ளிகள் அழிந்துவிடும். உருவம் துடிப்பதற்கு இது போதும். கண்ணாடி ஜன்னலை மூடுவதால் மட்டும் பயனில்லை, கனமான திரைச்சீலை வேண்டும். டியூப்லைட், எல்இடி எரிந்தால் பரவாயில்லை.

இன்னும் கேட்கிறேன்: கண்ணாடி வைத்த பீரோ பின்னால் நிற்கிறதா? கினெக்டில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார்? தனியாக ஆட 6 அடியாவது வேண்டும், இரண்டு பேர் என்றால் 8 அடி. கினெக்ட் தரையிலிருந்து 2 அடிக்கும் 6 அடிக்கும் இடையில் இருக்க வேண்டும், பாதம் நிற்கும் தரை அதன் பார்வையில் பட வேண்டும். அதைக் கையால் திருகாதீர்கள், உள்ளே மோட்டார் இருக்கிறது, தானே குனிந்து நிமிரும்.

பழங்காநத்தம் மூத்தவர்:
2010இல் வந்த கருவி. கினெக்ட் தயாரிப்பையே 2017இல் நிறுத்திவிட்டார்கள். 360இன் இணையக் கடையையும் 2024 ஜூலையில் மூடியாயிற்று, இனிப் பழைய டிஸ்க் தேடித்தான் அலைய வேண்டும். இதற்குத் திரை வாங்கி, பீரோவை நகர்த்தி என்ன பயன்? ஸ்விட்சும் ரிங் ஃபிட்டும் வாங்குங்கள். ஜாய்கானுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானியும் திரும்புவதை அளக்கும் சுழல்மானியும் இருக்கின்றன, வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் செய்வார்கள்.

வளைய ராணி:
நான் ரிங் ஃபிட்டில்தான் உடற்பயிற்சி செய்கிறேன், எனக்கு அது உயிர். மாடி வீட்டில் சத்தம் வராமல் முட்டியை மட்டும் மடக்கி ஓடும் முறையும் அதில் உண்டு. ஆனால் மூத்தவர் சொல்வதை ஏற்க முடியாது. ஸ்விட்சைத் தயாரிக்கும் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, கைமாறி வரும் விலை தெரியும்தானே? அப்புறம் சேலை கட்டுகிற அம்மா தொடையில் பட்டையை எங்கே கட்டுவார்?

தெப்பக்குளம் நடையர்:
நடக்கச் சேலை தடையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்கிறது. நடந்தாலே வந்துவிடும். டிவி முன்னால் கையை ஆட்டுவதெல்லாம் அதில் சேருமா?

வளைய ராணி:
சேரும் அண்ணே. மூச்சு வாங்கி, இதயத் துடிப்பு ஏறினால் அது உழைப்புதான், தெருவா ஹாலா என்று உடம்பு பார்ப்பதில்லை. பந்து உருட்டும் கேமில் அவ்வளவாக ஏறாது, குத்துச்சண்டை ஆடிப் பாருங்கள், தெரியும். சித்திரை வெயிலிலும் தெருநாய்களுக்கு நடுவிலும் முட்டிவலிக்காரர் நடக்க வேண்டும் என்று சட்டமா?

தெப்பக்குளம் நடையர்:
நாய்த் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் மனசு சுருங்கிவிடும். அதற்குத்தான் சொல்கிறேன்.

வார்டு அக்கா:
சண்டைக்கு நடுவே ஒரு விஷயம். அம்மா இன்சுலின் போடுகிறாரா, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு ஆடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். ஆடியதால்தான் வியர்க்கிறது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. குளுக்கோஸ் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், 15 கிராம் போதும். வெறுங்காலோடு ஆட விடாதீர்கள். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் சோபா காலில் இடித்த காயம்கூடத் தெரியாது.

சுங்குடி:
மேற்கு ஜன்னல் இருக்கிறது. 7 அடி இருக்கும். பீரோ ஹாலில் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை மட்டும்தான், பெயரைக் கேட்டு டாக்டரிடம் சொல்கிறேன் அக்கா. போர்வையை ஜன்னலில் கட்டிப் பார்த்தோம். துடிப்பு நின்றது. கால் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் நான் ஆடும்போது இப்படி வரவே இல்லை.

அவனியாபுரம் பாலா:
காலையில் ஆடுவது நீங்களா? அம்மா சாயங்காலம் மட்டும்தானா? நீங்கள் என்ன உடை, அம்மா என்ன உடை?

சுங்குடி:
நான் சுடிதார். அம்மா சேலைதான், வேறு எதுவும் கட்ட மாட்டார்.

அவனியாபுரம் பாலா:
அப்படியானால் இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. துடிப்பு வெயிலால், கால் சேலையால். கினெக்ட் அந்தத் தூரக் கணக்கில் தெரியும் ஆளின் வடிவத்தைப் பார்த்துத்தான் முட்டி எங்கே, கணுக்கால் எங்கே என்று ஊகிக்கிறது. கொசுவம் இரண்டு காலுக்கும் நடுவே விழுந்தால் அதற்கு ஒரே தூணாகத் தெரியும். ஆடும்போது டிவி திரையில் ஓரமாக ஒரு சின்னக் கட்டத்தில் நிழலுருவம் வரும். அம்மாவை நிற்க வைத்து, அதில் கால் இரண்டாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிரியாவிட்டால் எந்த அளவீடு செய்தாலும் வராது.

ராத்திரி வெயில் இல்லாதபோது ஒரு தடவை அம்மா ஆடட்டும், அடுத்து நீங்கள் ஆடுங்கள். எது எதனால் என்று தெளிவாகிவிடும்.

உசிலை மருமகள்:
எங்கள் மாமியாருக்கும் இதே கதை. நடவுக்குப் போகும்போது ஏற்றிச் செருகுவார்களே, அப்படிச் செருகிக்கொண்டு ஆடினார், பாதி வந்தது. முந்தானையையும் இழுத்து இடுப்பில் செருக வேண்டும், தொங்கினால் இடது கையைக் குழப்புகிறது. கடைசியில் ஓட்டப்பந்தயத்தை விட்டுவிட்டு கினெக்ட் ஸ்போர்ட்ஸ் என்கிற கேமில் குத்துச்சண்டைக்கு மாறினோம். அதற்குக் கைதான் முக்கியம். இப்போது எங்களைவிட நன்றாகக் குத்துகிறார்.

பழங்காநத்தம் மூத்தவர்:
சேலையைச் செருகி, ஜன்னலில் போர்வை கட்டி ஆட வேண்டிய கருவியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அம்மாவின் மூட்டும் நேரமும் முக்கியம். நல்ல கருவி வாங்கிக் கொடுங்கள்.

வளைய ராணி:
கையில் இருப்பதை ஓட வைப்பதற்குத்தானே உதவி கேட்டார்.

சுங்குடி:
ராத்திரி பார்த்தோம். நான் ஆடினால் கால் பிரிகிறது, அம்மாவுக்குப் பிரியவில்லை. குத்துச்சண்டை போட்டோம், நன்றாக வருகிறது. செருப்புப் போட்டுத்தான் ஆடினார். எல்லாருக்கும் நன்றி.

அவனியாபுரம் பாலா:
மகிழ்ச்சி. குந்தி எழும் பயிற்சியில் எப்படி இருக்கிறது என்று முடிந்தால் சொல்லுங்கள்.

மின்னல் முத்து:
அடாப்டர் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. கால் சரியானாலும் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

திருமங்கலத்தான்:
இதே கினெக்ட்தான் எங்கள் வீட்டிலும். அப்பா வேட்டியைத் தவிர எதுவும் கட்ட மாட்டார். மடித்துக் கட்டினால் போதுமா?

அவனியாபுரம் பாலா:
முட்டி வெளியே தெரிகிற அளவுக்கு மடித்துக் கட்டிவிட்டு, அந்தச் சின்னக் கட்டத்தில் நிழலுருவத்தைப் பாருங்கள். ஹாலில் எந்தப் பக்கம் ஜன்னல், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதையும் எழுதுங்கள்.