மனச்சிதைவின் தொடக்கத்தில் மாத்திரையா, ஊசியா?

கேள்வி – சுங்கை சிப்புட் அக்கா

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் வாழ்கிறோம். காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லி அறையிலேயே முடங்கிக் கிடந்த என் 22 வயது தம்பிக்கு, எட்டு மாதங்களுக்கு முன் மனச்சிதைவு நோயின் தொடக்கம் என்று சொல்லி ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் தெளிந்து வேலைக்குத் திரும்பினான். சென்ற மாதம் குரல்கள் மறுபடியும் வந்துவிட்டன. வீட்டைக் கூட்டியபோது முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த பதினேழு மாத்திரைகள் தரையில் கொட்டின. மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம் என்கிறார் மருத்துவர். அம்மாவோ, ஊசியெல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் கிடப்பவர்களுக்குத்தான் என்று அழுகிறார். ஊசி மாத்திரையைவிடக் கடுமையானதா?

பதில் 1 – ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்

தங்கச்சி, ரிஸ்பெரிடோன் உடலுக்குள் போய் பாலிபெரிடோனாக மாறுகிறது. அந்தப் பாலிபெரிடோனையே தசைக்குள் இருந்து மெல்ல மெல்லக் கரையும்படி செய்ததுதான் மாதாந்திர ஊசிகளில் ஒன்று. முதல் நாளும் எட்டாம் நாளும் தோள்பட்டையில் போடுவார்கள், பிறகு மாதம் ஒன்று. மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே ஊசிக்குப் போவது வழக்கம். உங்கள் அம்மா நினைப்பது, நல்லெண்ணெயில் கரைத்துப் போட்ட பழைய ஃபுளூஃபெனசின் ஊசியாக இருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு மரக்கட்டைபோல் விறைத்து நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தொடக்க நிலையிலேயே ஊசி நல்லதா என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. 2015இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது அல்லது முற்றியது ஊசி போட்டவர்களில் 5 விழுக்காட்டினருக்கு, மாத்திரை எடுத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கு; ஆனால் அதில் நூறு பேர்கூட இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்விலோ, சிகிச்சையைக் கைவிட்டவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒழுங்காக விழுங்குகிறவருக்கு மாத்திரையே போதும். படத்துக்குப் பின்னால் போகிற மாத்திரைக்கு எதிராகத்தான் ஊசிக்குப் பலம். தவணைக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பதில் 2 – ஒரு தாய்

என் மகன் இரண்டு ஆண்டுகளாக ஊசியில் நன்றாக இருக்கிறான். ஆனால் ஐயா ஒன்றைச் சொல்லாமல் விட்டார். முதல் ஊசிக்குப் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். மாத்திரையென்றால் அன்றிரவே மருத்துவரைக் கேட்டுக் குறைத்திருக்கலாம். உள்ளே போன ஊசியை எடுக்க முடியாது, அது வடிய வாரக்கணக்காகும். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் இரண்டிலுமே ஏறக்கூடும், சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதோடு, தம்பி மாத்திரையை ஏன் ஒளித்தான் என்று கேட்டீர்களா அம்மா?

கேட்டவரின் மறுமொழி

நேற்றிரவுதான் கேட்டேன். இரவில் மாத்திரை போட்டால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் நின்றபடியே தூங்கி விழுவதாகவும், மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னிலையிலும் ஏசியதாகவும் சொன்னான். இத்தனை மாதம் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தூக்கத்தைப் பற்றியும், நிலைகொள்ளாமல் நடப்பதைப் பற்றியும் அவனே மருத்துவரிடம் கேட்பதாக இருக்கிறான். ஊசிக்குச் சம்மதம்தான், ஆனால் சம்பள நாளில் வேண்டாமாம்.