ஹவில்தார் கேடருக்குப் படிக்க உதவி வேண்டும்

அண்ணாச்சிமாரே, நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம். லீவில் வந்திருக்கிறேன். ராணுவத்தில் நாயக்கிலிருந்து அடுத்த பதவியான ஹவில்தார் ஆவதற்கான புரமோஷன் கேடர் (பதவி உயர்வுக்கான பயிற்சியும் தேர்வும்) நெருங்குகிறது. டிரில், ஆயுதப் பாடம் பயமில்லை. மேப் ரீடிங்கும் பரவாயில்லை, மேப்பில் இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்க எண்ணான கிரிட் ரெஃபரன்ஸ் தப்பாது. இடிப்பது ராணுவச் சட்டம்தான். 1950 சட்டத்தில் பிரிவு 38 ஓடிப்போவது, 39 அனுமதியில்லாமல் வராமலிருப்பது, 63 ஒழுங்குமீறல் என்று எண்கள் மனப்பாடம். ஆனால் லீவு முடிந்தும் வராதவன் 38ஆ 39ஆ, அவன் எண்ணத்தை எதை வைத்து முடிவுசெய்வது என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறேன். செக்‌ஷனில் (சிறு படைக்குழுவில்) ரெண்டு பேர் முட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்கிற தலைமைக் கேள்விகளும் அப்படித்தான். புத்தகத்தில் விடை கிடையாது. பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி பக்கம் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா யாராவது சாயங்காலம் உட்கார்ந்து கேள்வி கேட்க முடியுமா? பழைய நோட்ஸ் இந்தியில் இருந்தாலும் சரி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவேன்.