மொக்காப் பானையும் மாஃபியாவும்

நான்: எல்லோருக்கும் வணக்கம். பள்ளி இறுதிச் சோதனையின் வாய்மொழிப் பகுதியில், பொருள் வடிவமைப்பில் பெயர் பெற்ற ஓர் இத்தாலியரையும் மாஃபியா வரலாற்றில் வரும் ஒருவரையும் ஒரே இழையில் கோத்துப் பேசலாம் என்று எண்ணியிருக்கிறேன். இப்போதைக்கு அல்ஃபோன்சோ பியாலெட்டி, சிசிலி மாஃபியாவின் தலைவனாயிருந்த தோத்தோ ரீனா என்ற இரு பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

பெரியப்பா (யாழ்ப்பாணம்): பிள்ளை, ரீனாவின் பெயரை நான் பத்திரிகையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், மற்றவர் யார் என்றே தெரியவில்லை. கொலைகாரனை உலகமே அறிந்திருக்க, பொருள் செய்தவனை ஒருவரும் அறியாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான்: நீங்கள் இங்கே சிசிலியில் பலெர்மோவுக்கு வந்திருந்தபோது விரும்பிக் குடித்த கோப்பி அவருடைய பானையில் போட்டதுதான், பெரியப்பா. எட்டுப் பட்டையுள்ள அந்த அலுமினிய மொக்கா 1933-இல் அவருடைய பட்டறையில் உருவானது. அடிப்பாத்திரத்தில் தண்ணீர், நடுவில் புனல் போன்ற வடிகட்டியில் கோப்பித்தூள், மேலே வெறும் பாத்திரம்; சூடேறும்போது உண்டாகும் அழுத்தம் தண்ணீரைத் தூளின் ஊடாக மேலே தள்ளிவிடுகிறது. அதைப் போருக்குப் பின் விளம்பரத்தால் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய மகன் ரெனாத்தோ. 2016-இல் அவர் இறந்தபோது, சாம்பலை ஒரு பெரிய மொக்காவுக்குள் இட்டு அடக்கம் செய்தார்கள்.

மாமி (ரொறன்ரோ): சிவசிவா, கோப்பிப் பானைக்குள்ளா! ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திராது.

அண்ணா (தூரின்): தங்கச்சி, கோப்பிப் பானையிலிருந்து மாஃபியாவுக்குப் போவது கடினம்; தட்டச்சுப் பொறியை எடுத்துப் பார். இங்கிருந்து அதிக தூரமில்லாத இவ்ரேயா நகரில், ஒலிவெத்தி நிறுவனத்துக்காக மார்ச்செல்லோ நித்சோலி வடிவமைத்த லெத்தேரா 22 என்ற கைப்பொறி 1950-இல் வந்தது. 1969-இல் எத்தோரே சொத்சாஸும் பெரி கிங்கும் சேர்ந்து சிவப்பு நெகிழியில் வலன்டைன் என்ற பொறியைச் செய்தார்கள். மறுபக்கம் மாஃபியாத் தலைவன் பெர்னார்தோ புரொவென்சானோவைப் பார். 43 ஆண்டுகள் தலைமறைவாக இருந்த அவன், தொலைபேசியை நம்பாமல், தட்டச்சுச் செய்த துண்டுச் சீட்டுகளைச் சிறிதாக மடித்து, ஒட்டுநாடா சுற்றி, கைமாற்றி அனுப்பித்தான் தன் ஆட்களை நடத்தினான். பெயர்களை எழுதவேண்டிய இடத்தில் எண்களை அடித்தான். A என்ற எழுத்துக்கு 4, B-க்கு 5 என்று மூன்று தள்ளிப் போகும் சின்னக் கணக்கு அது. கடைசியில் 2006 ஏப்ரல் 11 அன்று, கொர்லெயோனே என்ற ஊரில் அவன் குடும்பம் இருந்த வீட்டிலிருந்து போன சலவைத் துணிப் பொதியைப் பின்தொடர்ந்த பொலிஸார், ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் குடிலில் அவனைப் பிடித்தார்கள்.

பெரியப்பா: கதை சுவையானதுதான், தம்பி. இருந்தாலும் அதைக் கேட்பவர்கள் நித்சோலியை மறந்துவிட்டு, சீட்டு அனுப்பியவனின் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு போவார்கள்.

அப்பா: உன் பெரியப்பா சொல்வதே சரி. ரீனாவை எடுத்தாலும் இதே சங்கடம் உண்டு, மகள். அவனைப் பற்றிப் பேசினால், 1986-இல் இங்கே பலெர்மோவில் மாஃபியாக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 475 பேர் மீது தொடங்கிய பெருவழக்கையும், அதன் தண்டனைகளை 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததையும், அதற்குப் பழிவாங்க மே மாதத்தில் கபாச்சி நெடுஞ்சாலையில் அந்த வழக்கைப் புலனாய்வு செய்த நீதிபதி ஃபல்கோனேயைக் குண்டு வைத்துக் கொன்றதையும் சொல்லாமல் விட முடியாது. உனக்குத் தரும் நேரத்தில் அவ்வளவும் அடங்காது. பொருள் செய்தவர் ஒருவர், அதன் காரணமாகவே மாஃபியாவின் எதிரில் நிற்க நேர்ந்த கதை நம் ஊரிலேயே இருக்கிறது. லிபெரோ கிராசியை எடு.

மாமி: அவர் யார்?

அப்பா: பலெர்மோவில் சிக்மா என்ற பெயரில் பைஜாமாவும் உள்ளாடையும் தைக்கும் தொழிற்சாலை நடத்தியவர், தங்கச்சி. இங்கே கடை வைத்தாலும் ஆலை வைத்தாலும் 'பித்சோ' என்ற கப்பத்தைக் கேட்டு ஆள் வரும். பெரும்பாலானோர் வாய் திறவாமல் கட்டிவிடுவார்கள். கிராசி மறுத்தார். 1991 ஜனவரி 10 அன்று, கப்பம் கேட்டவனையே விளித்து, பணம் தரமாட்டேன் என்று எழுதிய கடிதத்தை சிசிலியின் நாளிதழில் வெளியிட்டார். தொழிலதிபர்களில் மிகச் சிலரே அவர் பக்கம் நின்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 காலையில், வீட்டுக்கு அருகே வியா அல்ஃபியேரி என்ற தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் அவருடைய குடும்பத்தார் அங்கே நடைபாதையில் சிவப்பு வண்ணம் தெளித்து, கையால் எழுதிய அறிவிப்பு ஒன்றை ஒட்டுவார்கள். கொன்றது மாஃபியா மட்டுமல்ல, தொழிலதிபர் சங்கத்தின் மௌனமும் கட்சிகளின் அலட்சியமும் அரசு இல்லாமையும் என்று அதில் எழுதியிருக்கும்.

நான்: கடைக் கண்ணாடிகளில் நாம் பார்க்கும் 'அத்தியோபித்சோ' ஒட்டுவில்லைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அப்பா?

அப்பா: உண்டு. 2004-இல் சில இளைஞர்கள் ஓரிரவில் நகரெங்கும் வில்லைகளை ஒட்டித் தொடங்கிய இயக்கம் அது. கப்பம் கட்டாத கடைகளில் வாங்குங்கள் என்று மக்களைக் கேட்கிறது. பின்னாளில் வியா மக்குவேதாவில், பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களான கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து முறைப்பாடு கொடுத்தபோதும் அந்த இயக்கத்தினர்தான் துணை நின்றார்கள். உள்ளூர்க்காரரே அஞ்சிய தெருவில் வந்தேறியவர்கள் வாய் திறந்தது எனக்குப் பெரிய வியப்பு.

அண்ணா: அப்படியானால் பியாலெட்டியும் கிராசியும் என்று வைத்துக்கொள். ஒருவர் வடக்கே பிய்மோந்தேயில் தன் சரக்கைத் தானே விற்று வளர்ந்தார். மற்றவர் தெற்கே அதையே செய்யப்போய் உயிரை விட்டார். புரொவென்சானோவுக்கு ஒரு வாக்கியம் போதும்.

பெரியப்பா: எனக்கும் சம்மதம். ஆனால் வெஸ்பா ஸ்கூட்டருக்கு இடமில்லையா? அதை வடிவமைத்த கொர்ராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர் என்றும், மோட்டார் சைக்கிளே அவருக்குப் பிடிக்காது என்றும் படித்திருக்கிறேன்.

நான்: உண்மைதான், பெரியப்பா. அதனால்தான் 1946-இல் வந்த அந்த வண்டியில் எண்ணெய்ப் பிசுக்குள்ள சங்கிலி இல்லை, கால் தூக்கிப் போட்டு ஏறவேண்டியதில்லை, முன்சக்கரமும் விமானச் சக்கரம் போல் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவரைச் சேர்த்தால் கிராசிக்கு நேரம் போதாது. அப்பா, ஞாயிற்றுக்கிழமை வியா அல்ஃபியேரிக்குப் போய் ஒரு படம் எடுத்து வரலாமா?

அப்பா: காலையில் போவோம், பத்து மணிக்குப் பின் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.