பினாங்கிலிருந்து சென்னைக்கு ஓவியங்கள் அனுப்ப வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜார்ஜ்டவுனில் லாப நோக்கமில்லாத சிறு கலை மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். இங்குள்ளவர்களின் அரூப ஓவியங்களை வெளிநாட்டு ரசிகர்களிடம் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் வேலை. அடுத்த கண்காட்சி சென்னையில். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான ஊர், ஓவியர் ஆதிமூலம் வாழ்ந்து வரைந்த ஊர். அங்கே குறையில்லாமல் செய்ய ஆசை.

படங்கள் திரும்பி வந்துவிடும் என்பதால், சுங்க வரி இல்லாமல் ஏடிஏ கார்னே (பொருட்களைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) மூலம் அனுப்ப நினைக்கிறோம். பிணைத்தொகை கட்டி அதை எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரையும் (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) வேண்டும். பட்டர்வொர்த், பிறை பக்கம் செய்து தருபவர்கள் இருக்கிறார்களா?

அப்புறம், பெரிய கேன்வாஸ்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினால் செலவு குறையும். ஆனால் தடித்த பூச்சு வெடித்துவிடுமோ என்று ஓவியர்கள் பயப்படுகிறார்கள், எனக்கும் மனசு வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.